ஏரிக்கு மேலே மூன்று வெளிச்சங்கள்

மச்சான்,

நேற்று அம்பத்தூர் போகும் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நாட்டு ராணுவம், இரவு வானத்தில் தன் வீரர்கள் பார்த்த இனம்தெரியாத பொருள்களைப் பற்றிய அறிக்கைகளை வெளியிட்டிருக்கிறதாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நீ கண்ணை மூடி மூன்று மாதம்தான் ஆகிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஆவடியில் ராணுவக் கிடங்கின் காவல் கோபுரத்தில் நாம் இருவரும் இரவுப் பணியில் இருந்தோம். ஏரிக்கு மேலே மூன்று வெளிச்சங்கள். "மாமே, இன்னாடா அது? சத்தமே இல்லாம நின்னுகினு கீது!" என்றாய். நாய்கள்கூட வாயை மூடிக்கொண்டன. பிறகு மூன்றும் ஒன்றாக நேரே மேலே ஏறி, நட்சத்திரங்களுக்குள் போயே போய்விட்டன. நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அவ்வளவு பெரிய வானத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

நம் பதிவேட்டில் ஆள், வண்டி, விலங்கு என்று மூன்றே கட்டங்கள். நீ ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, 'என்னவென்று தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாய். இரண்டாவது கையெழுத்து நான் போட வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த நேரம்; நான் போடவில்லை. காலையில் அதிகாரி கேட்டபோது, "டீ வாங்கக் கீழ போயிருந்தேன் சார்" என்றேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

உன்னைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "கண்ணு ரெண்டும் சூப்பரா கீதாம் மாமே. வானத்துக்குத்தான் இன்னாவோ கோளாறு" என்று சிரித்துக்கொண்டே வந்தாய். ஓய்வு பெறும்வரை உன்னைப் 'பறக்கும் தட்டு' என்றே கூப்பிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரயிலை விட்டிறங்கி நேரே உன் வீட்டுக்குப் போய், அன்று நான் டீ வாங்கப் போகவில்லை, உன் பக்கத்தில்தான் நின்றேன் என்று உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்கன்னுதானேண்ணே அவரு சொன்னாரு? கடைசி வரைக்கும் அதேதான் சொன்னாரு" என்றார்.

என் பொய்யை உன் வீட்டுக்குள்ளும் காப்பாற்றி வைத்திருக்கிறாய், பாவி.

பிறகு அவர் கேட்டார்: "அப்போ அது நெஜமாவே இருந்துச்சாண்ணே?"

இத்தனை வருடம் உன்னோடு வாழ்ந்தவர், உன்னை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமலே இருந்திருக்கிறார்.

"இருந்துச்சும்மா" என்றேன். எங்கே நின்றது, எப்படி ஏறியது, நான் எப்படி உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அழுதார். நானும்தான்.

அதைப் பார்த்தவர்களில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம், மச்சான். யார் சிரித்தாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.