பதினோரு எம்.பி. பாடம்

மே 30
எழுதி வைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் என்ன இருக்கிறது? மன்னித்துக்கொள், நோட்டே. ட்யூஷன் சென்டரில் வீடியோ எடிட் செய்கிறேன்; அங்கே யாரிடமும் பேச வாய் வருவதில்லை.

இன்று ஒரு கணக்குப் பாடத்தைப் பதினோரு எம்.பி.க்குக் கொண்டுவந்தேன். முன்பு நூற்று எண்பது. வீடியோவில் அசைவதுதான் எடை. போர்டு அப்படியே நிற்க, எழுதும் கை மட்டும் அசைந்தால் போதும்.

ஜூன் 6
எங்கள் பாடங்களைப் போனில் பார்க்கும் செல்வராணி ஜெகதாப்பட்டினத்திலிருந்து பேசினாள். பத்தாவதில் கணக்கு மட்டும் பெயில். ஜூலையில் துணைத்தேர்வு.

"அக்கா, வீடியோ சுத்தாம ஓடுது. மீன்பிடித் தடைக்காலம்ல, அப்பாவும் வீட்ல, போனும் வீட்ல. கூட ஒக்காந்து பாக்குறாரு. வட்டம் என்னையவிட நல்லா போடுறாரு!"

ஒன்பது பாடம் முடித்துவிட்டாளாம். எனக்குப் பத்தாவதில் அப்படிப் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் இல்லை. என் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

ஜூன் 13
சென்டர் நடத்தும் சூர்யபிரகாஷ் சார் கூப்பிட்டார். "நல்லாருக்கும்மா. ஆனா வெறும் கை. யார் கைன்னு எவனுக்குத் தெரியும்?" பத்தாம் பாடத்திலிருந்து அவரே நின்று நடத்துவாராம்.

"சார், எடை..." என்றேன்.

"ஏம்மா, அவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

ஜூன் 16
சார் நின்று நடத்திய பத்தாம் பாடம்: தொண்ணூற்றாறு எம்.பி.

ஜூன் 20
தடைக்காலம் முடிந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அப்பாவோடு போனும் கடலுக்குப் போகிறது. செல்வராணியின் அம்மா தங்கமுத்து பேசினார்: "முந்தி சோறு பொங்குறதுக்குள்ள பாடம் வந்துரும். இப்ப அவரு கெளம்புறவரைக்கும் சுத்துதும்மா. அவரைப் போனில்லாமயும் அனுப்ப முடியுமா? அங்கிட்டு இலங்கை நேவி புடிச்சுட்டாங்கன்னா?"

பாடத்தைச் சின்னதாக்கித் தருகிறேன் என்றேன்.

ஜூன் 23
இன்னும் சுருக்கிப் பார்த்தேன். சார் முகமும் கலங்கியது, கணக்கும் கலங்கியது. அவரை வெட்டிவிடலாம் என்றால், போர்டை மறைத்துக்கொண்டே நடக்கிறார். போர்டில் தெரிந்ததை மட்டும் படமாக அனுப்பினேன். "படம் வருதுக்கா. ஏன் அப்படிப் போடணும்னுதான் புரியலை."

ஜூலை 31
ரிசல்ட் வந்தது. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்; செல்வராணிக்கு முப்பத்தொன்று. நாலு மார்க். வெறும் நாலு மார்க்.

"விடுங்கக்கா. எறா உரிக்கிற கம்பெனியில வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

எனக்கு அவள் ஆறுதல் சொல்கிறாள். சீ.

ஆகஸ்ட் 4
சென்டரில் கேக் வெட்டினார்கள். சார் வீடியோவை லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். டவுனில் எல்லார் வீட்டிலும் வைஃபை.

"ஒனக்கு என்னம்மா வேணும்? சம்பளமா, லீவா? வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கவே மாட்டேங்குற."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கேக் தட்டைக் கீழே வைத்தேன்.  கேட்டுவிட்டேன்:

"ஜெகதாப்பட்டினத்துப் பிள்ளை ஒண்ணு மார்ச்சுல திரும்ப எழுதணும் சார். நீங்க கொஞ்சம் போர்டுக்கு முன்னாலருந்து தள்ளிக்கிறீங்களா?"