கோணலாக விழுந்த ‘லோ’

தலவாக்கலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோஜினிக்கு,

சித்தப்பா விஜிதரன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மழை மட்டும் விடவில்லை. கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசினால் அண்ணி பக்கத்தில் நின்று கேட்பார், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற தர்ஷன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

நீ அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் எனக்குக் கோபம், என்மேல்தான். தேயிலை வேரில் குருவியும் மீனும் செதுக்க, “சின்ன கிரைண்டர், வேகம் கூட்டிக் குறைக்கிற மாதிரி” என்று எழுதியவன் நான். நீ அனுப்பியதும் சின்னதுதான், வேகமும் மூன்று இருக்கிறது, ஆனால் சட்னி அரைக்கிற கிரைண்டர்! டெக்னிக்கல் காலேஜில் படித்தவனுக்கு மெஷினுக்குப் பெயர் எழுதத் தெரியவில்லை, உன்மேல் என்ன பிழை. ஆனால் அதுவே நல்லதாய்ப் போயிற்று. கொழுந்தெடுத்து வீங்கின மணிக்கட்டோடு உன் அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடுமுன் அம்மியில் சம்பல் அரைப்பதைத் தினமும் பார்த்தவன் நான், எனக்கு அது உறைக்கவேயில்லை. இப்போது அம்மி சும்மா கிடக்கிறது. “எம் மக கேக்காமலே அனுப்பிருக்கா பாத்தீங்களா” என்று லயத்தில் வீடு வீடாகச் சொல்லியாயிற்று. நான் வாய் திறக்கவில்லை, நீயும் திறக்காதே.

நான் கேட்டது செதுக்குகிற மெஷின் என்று தர்ஷன் உன்னிடம் போனில் உளறிவிட்டானாம், அதற்கு நீ மூன்று மாத ஓய்வு நாளையும் வேலைக்குக் கொடுத்து எனக்குப் பெரிய பிராண்ட் செட் வாங்கப் போகிறாயாம். வேண்டாம். ஆறு வயதுதான் மூத்தவன் என்றாலும் அண்ணன் போனபிறகு உனக்கு அப்பா இடத்தில் இருந்து சொல்கிறேன், ஓய்வு நாளில் தூங்கு. போன கிழமை ஹட்டனில் மலிவான ஒன்றை நானே வாங்கிவிட்டேன். பொழுதுபோக்கு வேலைக்குப் பெயரா முக்கியம்? வேகத்தை நன்றாகக் குறைக்க முடியவேண்டும், தண்டு ஆடக்கூடாது, தேய்ந்தால் கார்பன் பிரஷ் இங்கேயே கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். மூன்று மெஷினை ஓடவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “மல்லி, மெஷின் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா” என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கேட்டார் கடை முதலாளி.

முதல் வேலை வேரில் இல்லை. கிரைண்டர் ஜாரில் பேர் வெட்டச் சொன்னார் அண்ணி. அவர் பேரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன், “எம் பேரு எதுக்கு, அவ பேரப் போடுங்க தம்பி” என்றார். மெஷினோடு கூட வந்த பிட், அதாவது வெட்டுகிற முனை, எவர்சில்வரில் வழுக்கி ‘லோ’ கோணலாகிவிட்டது. டயமண்ட் பிட் தனியாக வாங்கி மாட்டினேன், ‘ஜினி’ நூல் பிடித்தமாதிரி வந்தது. குறை பிட்டில்தான், மெஷினில் இல்லை. ‘லோ’வைத் தேய்த்துத் திரும்ப வெட்டுகிறேன் என்றால் அண்ணி ஜாரையே தரமாட்டேன் என்கிறார், நடக்கப் பழகினபோது நீயும் இப்படித்தான் கோணலாக நடந்தாயாம்.

உனக்கு நன்றி சொல்ல எனக்கு வராது, இந்தக் கடிதத்தையே அப்படி வைத்துக்கொள். தீபாவளிக்கு வா. பிட் பாக்கெட் ஒன்று கொண்டுவந்தால் போதும், உடம்பைக் கெடுத்துக்கொண்டு மட்டும் வராதே. நல்லாயிரு, மகள்.

உன் அம்மா கேட்டால், நீ அம்மாவுக்கென்றே பார்த்து வாங்கினாய். மறந்துவிடாதே.

சித்தப்பா
விஜிதரன்