சிவப்புப் பொத்தானில் மாட்டிய மாலை

ஜன்னலோர சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் அன்பு மாப்பிள்ளை செல்வராசுக்கு,

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. இதை உனக்குச் சொல்லாமல் வேறு எதையும் ஆரம்பிக்க முடியவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பாலத்தில் ஏறியதும் எட்டிப் பார்த்து, முழங்கால் அளவு, இடுப்பளவு என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பாய். கண்டக்டர்கூட உன்னிடம்தான் கேட்பார். தை மாதம் மாரடைப்பில் நீ போனதிலிருந்து நான் அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருவதில்லை.

நாம் இருவரும் துவாக்குடிப் பக்கத்துக் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் சூப்பர்வைசர். நீ கனத்த இரும்புத் தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு வளைக்கும் ரோலிங் மெஷினில். தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, திருவெறும்பூர் தாண்டும்வரை ஓயாத பேச்சு. அந்தப் பேச்சில்தான் என் தங்கச்சி வசந்தாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டாய். மாப்பிள்ளை ஆன பிறகும் என் டிபன் பாக்ஸைத்தான் முதலில் திறப்பாய். என் வீட்டு வத்தக்குழம்பு வசந்தாவுக்கு வராது என்று என்னிடம் சொல்வாய். வசந்தாவிடம் அப்படியே மாற்றிச் சொல்வாய்.

இப்போது ஒரு சேதி. போன வாரம் மேனேஜர்கள், சூப்பர்வைசர்களுக்கெல்லாம் இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி. ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில், ஏசி ஹாலில். ஹெல்மெட் போடு, ஷூ போடு என்று படம் காட்டுவார்கள், மத்தியானம் நல்ல சாப்பாடு, அப்புறம் ஒரு குட்டித் தூக்கம் என்று நினைத்துத்தான் போனேன். சிரிக்காதே, நீயாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பாய்.

பாடம் எடுக்க வந்த அம்மா படம் எதையும் போடவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, உங்கள் பொறுப்பில் நடந்த ஒரு விபத்தையும் அதன் காரணத்தையும் எழுதச் சொன்னார். எழுதினோம். காரணம் என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையேதான் எழுதியிருந்தோம்: தொழிலாளியின் கவனக்குறைவு. அவர் தாள்களைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வார்த்தையை எழுதிட்டா அதோட விசாரணை முடிஞ்சு போயிடுது சார். அதை விட்டுட்டு எழுதுங்க. அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

நான் என்ன செய்தேன் மாப்பிள்ளை? பேனாவைத் திறந்தேன். ஆயுத பூஜைதான் ஞாபகத்துக்கு வந்தது. வருஷம் முழுக்க எண்ணெயும் இரும்புத்தூளுமாக இருக்கிற நம் ஷெட் அன்றைக்கு ஒருநாள் கல்யாண வீடு மாதிரி இருக்கும். மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி பிசைந்து, பூசணிக்காய் உடைக்க நீதான் முன்னால் நிற்பாய். வேட்டியில் உன்னைப் பார்த்தால் ஆளே மாறியிருப்பாய்.

மாலை வாங்குவது என் பொறுப்பு. அந்த வருஷம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் இருந்ததிலேயே தடிமனான செவ்வந்தி மாலையை உன் மெஷினுக்கு என்றே வாங்கி வந்தேன். மாட்ட வாகான இடம் கிடைக்கவில்லை. முன்னால் துருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பொத்தானில் மாட்டினேன். ஆபத்து என்றால் ஒரே அமுக்கில் மெஷினை நிறுத்துகிற பொத்தான் அது.

"அதுலயா மாட்டறே மச்சான்?" என்று கேட்டாய்.

சாமிக்குப் போட்டது, தானாக வாடி விழும்வரை யாரும் தொடக்கூடாது என்று அதட்டினேன். நீயும் தொடவில்லை.

மூன்றாம் நாள் உன் இடது கையுறை உருளையில் மாட்டியது. வலது கையால் பொத்தானைத் தேடினாய். பூவில்தான் கை பட்டது, பொத்தானில் படவில்லை. யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து நான் செய்த முதல் வேலை, மாலையைக் கழற்றி ஸ்கிராப் குவியலுக்கு அடியில் போட்டது. அடுத்த வேலை, அறிக்கை எழுதியது. காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. விசாரணைக்கு வந்தவர்களிடம் நீயும், "என் தப்புதான் சார்" என்று சொல்லிவிட்டாய்.

ஃபோர்மேன் ஆக வேண்டியவன் நீ. உன்னை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அதோடு விட்டேனா? ஒவ்வொரு பாதுகாப்பு வாரத்திலும் உன்னை மேடையேற்றி, அந்தக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, அசட்டையாக இருந்தால் இதுதான் கதி என்று மைக்கில் பேசினேன். நீ கையைத் தூக்கினாய். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மறு வருஷம் மெஷினின் மேல்பக்கம் ஒரு கொக்கியைப் பற்றவைக்கச் சொன்னாய். பூஜை அன்று மாலையை என் கையிலிருந்து வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் கொக்கியில் நீயே மாட்டினாய். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அந்தத் தாளில் எழுதினேன். வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு மீதியையும் வாசித்தேன். சாயங்காலம் நேராக வசந்தாவிடம் போய், உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அவருக்கு உன்மேல கோபம் இல்லண்ணே. நீயா சொல்லணும்னுதான் இருந்தாரு. ஒவ்வொரு பூஜைக்கும் நீ பொரி எடுத்துக்கிட்டு வர்றப்ப, இன்னைக்கு மச்சான் சொல்லிடுவாருன்னு என்கிட்ட சொல்லுவாரு."

எத்தனை பூஜை மாப்பிள்ளை? எத்தனை பொட்டலம் பொரியை உன் எதிரில் உட்கார்ந்து அள்ளித் தின்றுவிட்டு, சீரியல் கதை பேசிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்? என் வேலை போய்விடக் கூடாது என்று பழியை ஏற்றுக்கொண்டாயா? ஒருமுறை சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் முதலாளியிடம் கடிதம் கொடுத்தேன். பழசை எதற்குக் கிளற வேண்டும் என்றார். வாங்கிக்கொள்ளும்வரை அவர் அறையிலேயே நின்றேன். இப்போது உன் ஃபைலில் பழைய அறிக்கையோடு இன்னொரு தாளும் இருக்கிறது. பொத்தானை மறைத்து மாலை மாட்டியவர், எடுக்கக்கூடாது என்று சொன்னவர், பிறகு மாலையை ஒளித்தவர் என்று மூன்று இடத்தில் என் பெயர் எழுதியிருக்கிறது.

வருகிற பாதுகாப்பு வாரத்தில் மேடையில் நான் மட்டும் நிற்பேன். அந்தத் தாளை எல்லோர் முன்னாலும் வாசிப்பேன். ஆயுத பூஜைக்கு மாலை உன் கொக்கியில்தான். சிவப்புப் பொத்தானுக்கு ஒரு சந்தனப் பொட்டு போதும். அன்றைக்கு வழக்கம்போலப் பொரியோடு உன் வீட்டுக்கு வருவேன். இந்த முறை சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

அந்த மாலையை மாட்டிய
உன் மச்சான்,
தண்டபாணி