யானை மட்டும் இல்லாத படங்கள்

ஓகஸ்ட் 17, ஞாயிறு
லொங்குய், கனடா

பெருமையில்கூட ஒரு மனுசனுக்குத் தூக்கம் வராமல் போகுமா? எனக்குப் போய்விட்டது.

பின்னேரம் புரோசார்டில் செல்வம் அண்ணை வீட்டுத் தொலைக்காட்சியில் எங்கள் கென்யாப் படங்களைப் போட்டுக் காட்டினேன். சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வந்து முடிந்ததும் அண்ணை சிரித்தார்.

"எங்கையடா ஆனை? அவ்வளவு தூரம் போய் ஒரு ஆனையைக்கூடக் காணேல்லையோ?"

கண்டோம். ஜீப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கொம்பன் வந்து நின்றது. கமெரா என் கழுத்தில்தான் தொங்கியது. ஆனால் பிள்ளையாரே நேரில் வந்த மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையில் குட்டிக்கொண்டு கைகூப்பினேன். யானை போகும்வரை கைகள் இறங்கவில்லை.

இதை எப்படிச் சொல்வது? அதுவும் மகள் ஆரணி முன்னால். இங்கே பிறந்தவள். கோயிலுக்கு வா என்றால் ஆயிரம் சாட்டுச் சொல்பவள்.

"பற்றறி முடிஞ்சுபோச்சுது அண்ணை," என்று மழுப்பினேன்.

"பொய், மாமா. அப்பா கும்பிட்டுக்கொண்டு நிண்டவர்," என்றாள் ஆரணி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அண்ணை விடவில்லை. "அப்ப நீ உன்ரை ஃபோனில எடுத்திருப்பாய்தானே? காட்டு பிள்ளை."

"என்னட்டையும் இல்லை மாமா. நானும் கும்பிட்டனான்."

எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். நான் யானையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.