விடாமல் பிடித்த கயிறு

அக்டோபர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வெள்ளத்தில் போன என் மகளின் கயிற்றை நீங்கள் கைவிட்டதாக நான் சொல்லித் திரிகிறேன் என்று உறவில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. நீங்கள் விடவில்லை என்றுதான் சொன்னேன்.

ஆற்றில் இறங்கி நீரின் வேகத்தை அளந்தவள் அவள். கரையில் கயிற்றைப் பிடித்து நின்று குறித்துக்கொண்டவர் நீங்கள். கால் வழுக்கினால் மல்லாந்து மிதந்து போய்விட வேண்டும், மிதவைச் சட்டை தாங்கிக்கொள்ளும் என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! கரையிலிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்தால் ஆள் மிதந்து போக முடியாது, வெள்ளம் மேலேறி அமுக்கிவிடும் என்பாள். "இருந்தாலும் இவர் மனசு நிம்மதியா இருக்கட்டும்னு இடுப்புல கட்டிக்கிறேன், சிஸ்டர்" என்று சிரித்தாள். 'சிஸ்டர்' என்பது கான்வென்ட்டில் படித்த என் கண்டிப்புக்கு அவள் வைத்த பெயர்.

இந்த மழைக்கும் உங்கள் அலுவலக ஆட்கள் கயிறு கட்டித்தான் இறங்குகிறார்களாம். கடைசியாக அவள் என்ன கத்தினாள்? எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அத்தை

அக்டோபர் 16

அத்தைக்கு வணக்கம்.

சாப்பிடுகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது.

"அம்மா" என்றுதான் கத்தினாள், அத்தை. வேறெதுவும் காதில் விழவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்த பிறகும் நான் விடவில்லை. கயிறில்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று அவள் நினைவாக அலுவலகத்தில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை

அக்டோபர் 21

மாப்பிள்ளைக்கு,

கம்பளியை வெயிலில் உதறிப் போட்டுப் பயன்படுத்துங்கள்.

அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. கதவில் விரல் நசுங்கியபோதுகூட "சிஸ்டர்!" என்றுதான் அலறினாள். பக்கத்தில் நின்று முதலில் சிரித்தவர் நீங்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அதை நம்பித்தான் பெண் கொடுத்தேன்.

"கயித்த விடுங்க" என்றாளா? அப்படியானால் அதை அலுவலகத்துக்கு எழுதுங்கள். கயிறு கட்டும் உத்தரவு ரத்தாகும். பழி உங்கள் தலையில் விழும். அதை நான் துடைக்க முடியாது. மன்னித்துவிடுவேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். உங்கள் மாமா போனபோதும் இல்லாததைச் சொல்லி யாரையும் நான் தேற்றவில்லை.

நீங்கள் எழுத மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. இங்கே காலையிலிருந்து மழை. பாலத்தடியில் உங்கள் ஆட்கள் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

போனில் வேண்டாம். போனில் நீங்கள் அழுவீர்கள், நான் பேச்சை மாற்றிவிடுவேன். பதிலை எழுதி அனுப்புங்கள்.

அத்தை