கேலாங்குக்கு எதற்குப் போனீர்கள்?

என்னங்க, சொல்லாமல் கொள்ளாமல் போன என் மனுஷரே,

தேக்கா கடைத்தெருவில் தீபாவளி விளக்குகள் போட்டுவிட்டார்கள். இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை. அதனால் உட்கார்ந்து உங்களைச் சந்தேகப்பட எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

குடிக்காத மனுஷருக்கு ஈரலில் எப்படிப் புற்றுநோய் வந்தது? ஹெப்படைடிஸ் பி என்றார் டாக்டர். பல வருஷமாக உள்ளே சத்தமில்லாமல் இருந்திருக்கிறதாம். ரத்தத்தால் பரவும், உடலுறவில் பரவும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. உங்களிடம் கேட்கலாமென்றால் அதற்குள் போய்விட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் கேலாங் போனீர்களே, சிவன் கோயிலுக்குத்தானா? கேலாங்கில் சிவன் மட்டுமா இருக்கிறார், சிவப்பு விளக்குத் தெருக்களும் இருக்கின்றனவே? திருநீறு பூசிக்கொண்டு வந்தால் நம்பிவிட வேண்டுமா?

பிடோக்கில் இருக்கும் உங்கள் அக்காவுக்கும் அதே சந்தேகம்தான். என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார். போன தடவை அவர் வீட்டில் எல்லோருக்கும் டம்ளரில் காப்பி, எனக்கு மட்டும் காகிதக் கப். எனக்குச் சோதித்ததில் ஒன்றும் இல்லை, தடுப்பூசியும் ஆரம்பித்தாயிற்று, எச்சில் டம்ளரில் இது ஒட்டாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் லா, கல்யாணத்துக்கு வீட்டுல பொண்ணு இருக்கா" என்றார்.

அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேவிட்டேன், இவருக்கு எங்கிருந்து வந்தது என்று. அவர் கேலாங்கைப் பற்றிக் கேட்கவில்லை. "அவரோட அம்மா எப்படி இறந்தாங்க?" என்றார். மஞ்சள் பூத்து, வயிறு வீங்கி என்றேன்.

"அப்ப பிறக்கும்போதே அம்மாகிட்டருந்து வந்திருக்கலாம். இந்தப் பக்கத்துல நிறைய பேருக்கு அப்படித்தான். கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

வந்திருக்கலாமாம். இந்த 'லாம்'களை நம்பி உங்களை விட்டுவிடுவேனா? ஆனாலும் காகிதக் கப் நீட்டிய கையைப் பிடித்து பாலிகிளினிக்குக் கூட்டிப்போனேன். தெரிந்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தார். "தெரியாமலே இருந்துதான் உங்க தம்பி போயிட்டாரு அக்கா" என்றேன்.

அக்காவுக்கும் இருக்கிறது. ஈரல் இன்னும் கெடவில்லை, விடாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பிறந்தவுடனே தடுப்பூசி போட்டதால் மகள் தப்பித்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தபின் அக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்ப தம்பி எங்கயும் போகலயா?"

"கோயிலுக்குப் போனாரு" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அக்காவை ஒரு பரிசோதனைகூடத் தவறவிட மாட்டேன். அவராவது இருக்கட்டும்.

கோபம் இன்னும் மிச்சமுள்ள,
உங்கள் வீட்டுக்காரி
கமலம்