மறியலன்றும் அதிர்ந்த சுவர்

கள்ளக்குறிச்சி,
டிசம்பர் 2020

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இடஒதுக்கீடு கேட்டு இங்கே மறியல் நடந்ததை டிவியில் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பஸ் இல்லாமல் கொஞ்சம் நடந்தேன், அவ்வளவுதான். அதிலும் ஒரு நல்லது நடந்தது. குப்பைக் கிடங்கை ஒட்டிய வீடுகளில் சத்தமும் நில அதிர்வும் அளப்பதுதானே என் வேலை? சுவர்கள் விரிசல் விடுவது பக்கத்து நெடுஞ்சாலை லாரிகளால்தான் என்று கிடங்கை நடத்தும் காண்ட்ராக்டர் சாதித்துவந்தார். அன்று சாலையில் ஒரு வண்டியும் இல்லை. கிடங்குக்குள் புல்டோசர் மட்டும் ஓடியது. கிடங்கை ஒட்டிக் குடியிருக்கும் செவ்வந்தியக்கா வீட்டில் வைத்த கருவியோ எப்போதும்போலவே அதிர்வைக் காட்டியது.

"இன்னாம்மா, ரோட்டுல வண்டியே இல்ல, செவுரு அதிர்ந்துக்கினேதான் இருக்குது. இப்பவாச்சும் நம்புவாங்களா?" என்றார் அக்கா.

"நம்பித்தான் ஆகணும்க்கா" என்றேன்.

நேற்று நகராட்சி அதிகாரி என் அறிக்கையைப் படித்துவிட்டு, புல்டோசரை வீடுகளைவிட்டுத் தள்ளி ஓட்ட உத்தரவிட்டார். இன்று மதியம் அக்காவின் கைக்குழந்தை தொட்டிலில் அயர்ந்து தூங்கியது.

கல்வராயன் மலைப்பக்கமிருந்து குளிர் இறங்குகிறது. யாராவது வந்தால் ஒரு போர்வை கொடுத்தனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போர்த்துவதே போதும்.

அடுத்த தெருவிலும் கருவியை வைக்கக் கூப்பிடுகிறார்கள். கிளம்புகிறேன் அப்பா.

மகள்,
முத்துசெல்வி